ஒரு சொட்டும் குடிக்காமல் வெறியில் ஓட்டுறீங்க! (நித்திரை முழிப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்)

வணக்கம் மக்களே. சாராயத்தைத் தொட்டே பார்க்காத ஒருவர் வெறிகாரன் மாதிரி மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியுமா? முடியும். இரவு முழுக்க வயல் வட்டைக்குள் யானைக் காவல் இருந்துவிட்டு, விடிய வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற நம்ம அம்பாறை அண்ணன்மாரைத்தான் சொல்கிறேன்.

1997இல் அவுஸ்திரேலியாவில் சோதித்தே பார்த்தார்கள். ஒரே ஆட்களை ஒரு தடவை நித்திரை கொள்ளவிடாமல் வைத்தார்கள், இன்னொரு தடவை அரை மணிக்கு ஒருதரம் மது கொடுத்தார்கள் (நல்ல ஆராய்ச்சிதான், இல்லையா!). 17 மணி நேரம் முழித்தவர்களின் கையும் கண்ணும் தடுமாறிய அளவு, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம். பல நாடுகளில் ஓட்டுநருக்கான எல்லையே அதுதான். 24 மணி நேரமானால் 100 மில்லிகிராம்!

நித்திரை ஏன் வருகிறது? மூளையில் அடினோசின் என்கிற இரசாயனம் சேரச் சேரக் கண் சொக்கும், பிளேன்டீ அதை மறைக்குமே தவிரக் குறைக்காது. பாடம் போதும்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். "எனக்கு ஐந்து மணித்தியாலம் போதும் தம்பி, பழகிவிட்டது" என்று சொல்கிற ஒரு மாமா உங்கள் வீட்டிலும் இருப்பார், பெயரைக் கீழே கமெண்டில் போடுங்கள். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் சிலரை இரவுக்கு 6 மணி நேரம் மட்டும், 14 நாள் நித்திரை கொள்ளவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், ஒரு முழு இரவு கண் மூடாதவர்கள் அளவுக்கு விழுந்துவிட்டது. ஆனால் கேட்டால், "கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்கிற மாதிரித்தான் பதில்! கவனம் நாளுக்கு நாள் இறங்க, களைப்பு உணர்வு மட்டும் சில நாட்களோடு அப்படியே நின்றுவிட்டது. அதாவது மாமா பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. என்னைக் கேட்டால், நித்திரை இல்லாததை விட இதுதான் ஆபத்து.

மற்றவை வேகமாக: இப்படியே வருடக்கணக்கில் போனால் பிரஷர், சீனி, இருதய வருத்தம் வரும் வாய்ப்பு கூடும். காசு கொடுத்து ஆட்களின் மூக்கில் வைரஸை விட்ட 2009 ஆய்வில், 7 மணி நேரத்துக்குக் குறைவாக நித்திரை கொண்டவர்களுக்குத் தடிமன் பிடிக்கும் வாய்ப்பு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ கொண்டவர்களை விடக் கிட்டத்தட்ட 3 மடங்கு. இரண்டே இரவு 4 மணி நேரம் படுத்தாலும் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடும், நள்ளிரவுக் கொத்துக்கடை கூட்டத்துக்குக் காரணம் இப்போது விளங்குகிறதா?

சரி, ஓட்டும்போது கண் சொக்கினால்? 60 கிலோமீற்றர் வேகத்தில் 3 செக்கன் கண் மூடினால் வண்டி 50 மீற்றர் தானாக ஓடும். முகத்தில் காற்றுப் படுவதும், பாட்டைக் கூட்டி வைப்பதும் பெரிதாக உதவாது. ஓரம் கட்டி ஒரு கோப்பி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள், எழும்பும்போதுதான் கோப்பி வேலை செய்யத் தொடங்கும்.

கல்முனை–கொழும்பு இரவு பஸ் ஓட்டுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அனுப்புங்கள். அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம்.