15 டன் ரோலரைச் சுற்ற ஒரு லேத்

வணக்கம்.

கனமான இரும்பைக் கடையும் லேத் எந்திரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன். கரும்பு ஆலைக்குள் போய் வந்தவர்களுக்கு அந்த உருளைகள் மறந்திருக்காது. மேலே ஒன்று, கீழே இரண்டு. மூன்றும் சேர்ந்து ஒரு மில். அப்படி நான்கைந்து மில் வரிசையாக நிற்கும். கரும்பு ஒவ்வொன்றிலும் நசுங்கி, கடைசியில் சக்கையாக வெளியே விழும். ஆலையிலும் பட்டறையிலும் அந்த உருளைக்கு ரோலர் என்றுதான் பேர். நடுவில் உருக்குத் தண்டு, அதன் மேல் வார்ப்பிரும்பு ஓடு. ஓட்டைச் சூடாக்கி விரியவைத்துத் தண்டில் ஏற்றுவார்கள். ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டைச் சுற்றிலும் 'வி' வடிவப் பற்கள். மேல் ரோலரின் பல், கீழ் ரோலரின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும்.

அரைக்க அரைக்கப் பல் தேயும். அரவை இல்லாத மாதங்களில் ரோலர்கள் டிரெய்லர் ஏறி எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வரும். தேய்ந்ததை லேத்தில் கடைந்து எடுத்துவிட்டுப் புதுப் பல் வெட்டி அனுப்ப வேண்டும். அரவை தொடங்கும் நாளுக்குள் அது போய்ச் சேராவிட்டால் வெட்டிய கரும்பு காத்துக் கிடக்கும். வெட்டிய கரும்பில் நாளுக்கு நாள் சர்க்கரை குறையும் என்பது விவசாயிக்குத் தெரியும். அதனால் லேத் வாங்குவதைப் பட்டறைக்காரனின் சொந்த விஷயம் என்று மட்டும் நான் நினைப்பதில்லை.

லேத் என்பது ஒன்றும் புதிதில்லை. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் செய்கிறார்களே, அதே கடைசல்தான். பொருள் சுழலும், உளி நகரும். இங்கே மரக்கட்டைக்குப் பதில் இரும்பு. உளியை நகர்த்துவது கண்ட்ரோலர் என்ற கணினி. அதைத்தான் சி.என்.சி. என்கிறோம். ஆனால் கைக்குள் அடங்குகிற சொப்பைக் கடைவதற்கும், ஆள் உயர இரும்பைக் கடைவதற்கும் நடுவில் எடை என்ற ஒன்று இருக்கிறது. புதிதாகக் கனரக சி.என்.சி. லேத் வாங்க நினைக்கும் தம்பிகள் என்னிடம் வந்து முதலில் கேட்பது, "அண்ணே, எந்தக் கண்ட்ரோலர் நல்லது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்க ஜாப் எத்தனை டன்?"

ஜாப் என்றால் கடைய வேண்டிய பொருள். பலருக்கு உடனே பதில் சொல்ல வராது. கணக்கு எளிது. 1 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீளம் உள்ள ரோலரை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் அரை மீட்டர் கனமுள்ள தண்டு ஒரு மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. கன அளவைப் பார்த்து, ஒரு கன மீட்டர் இரும்புக்கு 7 டன்னுக்கு மேல் என்று பெருக்கினால், கிட்டத்தட்ட 15 டன் வருகிறது. இனி விலைப்பட்டியலைப் பாருங்கள். 'தாங்கும் எடை' என்று ஒரு எண் போட்டிருக்கும். அது எந்த நிலையில் தாங்கும் எடை என்று கேளுங்கள். ஒரு முனையை இறுக்கிப் பிடிக்கும் சக் மட்டும் பிடித்திருக்கும்போது ஒரு எடை. மறுமுனையில் டெயில் ஸ்டாக்கின் கூர் முனையான சென்டர் தாங்கும்போது வேறு எடை. நடுவில் ஸ்டெடி என்ற தாங்கியைக் கொடுத்தால் இன்னொரு எடை. மூன்றுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. பட்டியலில் பெரும்பாலும் பெரிய எண்தான் கண்ணில் படும். மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். டெயில் ஸ்டாக்கின் சென்டர் எப்படிப்பட்டது என்றும் பாருங்கள். சாதாரண வேலைக்கு 60 டிகிரி கூர் போதும். இவ்வளவு கனத்துக்கு 75 அல்லது 90 டிகிரி வேண்டும்.

அடுத்தது ஸ்விங், அதாவது எந்திரத்தில் இடிக்காமல் சுழலக்கூடிய அதிகபட்ச விட்டம். இதில் நானே பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு லேத் வாங்கினோம். பெட்டுக்கு, அதாவது எந்திரத்தின் நீளமான அடிப்பாகத்துக்கு, மேல் 1,250 மில்லிமீட்டர் ஸ்விங் என்று போட்டிருந்தது. நம் ரோலர் 1,000 தானே, தாராளம் என்று முன்பணம் கட்டிவிட்டோம். எந்திரம் வந்து இறங்கி, முதல் ரோலரை ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, டூலை, அதாவது உளியைச் சுமக்கும் கேரேஜ் அதன் அடியில் நுழையவில்லை. கேரேஜுக்கு மேல் இருந்த இடம் 900 கூட இல்லை. பெட்டுக்கு மேல் உள்ள ஸ்விங், சக்கில் பிடித்த தட்டையான வட்டுக்கு உதவும். நீளமான ஜாப்புக்கு அடியில் கேரேஜ் முனையிலிருந்து முனைவரை போய்வர வேண்டும், அதற்குக் கேரேஜுக்கு மேல் உள்ள ஸ்விங்தான் கணக்கு. விற்றவர் எதையும் மறைக்கவில்லை, இரண்டாவது எண் அதே தாளில் கீழே இருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க ரோலர்களை வேறு பட்டறைக்கு அனுப்பிக் கூலி கொடுத்தோம். அந்த வலி இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொல்கிறேன்.

ஜாப்பின் விட்டம் பெரிதாகவும் நீளம் குறைவாகவும் இருந்தால், பல்சக்கர வட்டு, பெரிய ஃபிளாஞ்ச், வளையம் மாதிரி, படுத்த லேத்தே வேண்டாம். வி.டி.எல். என்கிற செங்குத்து லேத்தில் மேசை மேல் வைத்து இறுக்கிவிட்டால் எடையை மேசையே தாங்கிக்கொள்ளும்.

சரி, சக்திக்கு வருவோம். எல்லாரும் மோட்டார் எத்தனை கிலோவாட் என்று கேட்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, மெதுவாகச் சுற்றும்போது எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கும் என்பது. 1 மீட்டர் விட்டமுள்ள உருக்கு ஜாப்பில், நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் வெட்ட வேண்டுமானால், ஜாப்பைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 32 சுற்றுதான் சுற்றும். 10 மில்லிமீட்டர் ஆழம், சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர் ஃபீட் (டூல் நகரும் தூரம்) என்று ஒரு முரட்டு வெட்டு எடுத்தால் டூல் முனையில் ஏறத்தாழ 1,600 கிலோ அழுத்தம் விழும். ஸ்பிண்டிலுக்கு அது 8,000 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. புரியும்படி சொன்னால், 1 மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 800 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

37 கிலோவாட் மோட்டார், அடிப்படை வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால், அந்த மோட்டாரின் சொந்த முறுக்கு 235 நியூட்டன் மீட்டர்தான். கியர்பாக்ஸ் இல்லாமல் வெறும் பெல்ட்டில் நாலுக்கு ஒன்று குறைத்துக் கொடுத்தால், ஸ்பிண்டிலில் 940 வரும். 8,000 வேண்டிய இடத்தில் 940. அந்த 32 சுற்றில் 37 கிலோவாட் மோட்டார் 3 கிலோவாட் வேலைதான் செய்யும். மீதிக்கு நாம் காசு கொடுத்தது வீண். ஆகவே கியர்பாக்ஸில் எத்தனை படி இருக்கிறது, கடைசிப் படியில் 20, 30 சுற்றில் முறுக்குவிசை எவ்வளவு என்று வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வரைபடம் தராதவரிடம் பேரம் பேச உட்காராதீர்கள்.

ரோலருக்கு இதில் இன்னொரு சிக்கல். வார்ப்பிரும்பை வெட்ட உருக்கைவிடக் குறைந்த விசை போதும். ஆனால் 'வி' பல்லை வெட்டும் டூலின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரும்பைத் தொடும். எந்திரத்தில் கொஞ்சம் இளக்கம் இருந்தாலும் நடுங்க ஆரம்பித்துவிடும். பல்லின் முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதை அடக்குவது எந்திரத்தின் கனம்தான். ஒரே நீளம், ஒரே ஸ்விங் உள்ள இரண்டு லேத் இருந்தால் எது அதிக டன் எடை என்று பாருங்கள். நான் கனமானதைத்தான் எடுப்பேன். வார்ப்பிரும்புச் சீவல் சுருளாக வராது, பொடியாகக் கொட்டும். சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட்டோடு கலந்தால் சேறு மாதிரி ஆகிப் பெட்டின் வழித்தடத்தை அரித்துவிடும். வழித்தடத்துக்கு மூடியும், பொடியை வழித்துத் தள்ளும் வைப்பரும் நன்றாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

கண்ட்ரோலர் பற்றி இரண்டு வார்த்தை போதும். ஃபானுக், சீமன்ஸ் இரண்டும் நல்லவை. உங்கள் ஊருக்கு எந்தச் சர்வீஸ் இன்ஜினியர் மறுநாளே வருவார் என்று விசாரித்து அதை எடுங்கள்.

இனி தரைக்கு அடியில். நீளமான கனரக லேத்தின் பெட் தனக்குத்தானே விறைப்பாக நிற்பதில்லை. அடியில் உள்ள கான்கிரீட்டோடு சேர்ந்துதான் அதற்கு விறைப்பு. எங்கள் பட்டறை பெரம்பலூர் பக்கம், கரிசல் மண். மழை பெய்தால் அந்த மண் ஊதும், வெயிலில் பிளக்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு வருடம், ரோலரின் ஒரு முனை விட்டம் கூடியும் மறுமுனை குறைந்தும் வந்தது. புரோகிராமை மாற்றினோம், டூலை மாற்றினோம், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் ஸ்பிரிட் லெவலை வைத்துப் பார்த்தால், பெட்டே ஒரு பக்கம் தூக்கியிருந்தது. கரிசல் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கெட்டித் தரை வரும்வரை இறங்கித்தான் அஸ்திவாரம் போட வேண்டும். கான்கிரீட்டுக்கு 28 நாள் கொடுங்கள். எந்திரம் வந்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள். நிறுத்திய பிறகும் முதல் வருடம் மழைக்கு முன்னும் பின்னும் லெவல் பார்க்க வேண்டும். இந்தச் செலவை எந்திர விலையோடு சேர்த்தே வங்கியில் கேளுங்கள். அப்புறம் கிரேன். 15 டன் ஜாப்புக்கு 10 டன் கிரேன் வைத்துக்கொண்டு லேத் மட்டும் பெரிதாக வாங்கி என்ன பயன்?

பழைய எந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம் என்பதே என் அபிப்பிராயம். ஸ்கோடா, வால்ட்ரிச் ஸீகன் போன்ற பழைய ஐரோப்பிய லேத்துகளின் வார்ப்பு, இத்தனை வருடத்தில் உள்ளிறுக்கம் தீர்ந்து அமைதியாகிவிட்டது. அதில் புதிய சர்வோ மோட்டாரும் கண்ட்ரோலரும் பொருத்தினால் நல்ல சி.என்.சி. கிடைக்கும். ராஞ்சியில் கனரகப் பொறியியல் கழகத்தின் கீழ் செக்கோஸ்லோவாக்கியத் துணையோடு அமைந்த இயந்திரக் கருவி ஆலை செய்த லேத்துகளும் அந்த வகைதான். ஆனால் பெட்டின் தேய்மானத்தையும் ஸ்பிண்டில் பேரிங்கையும் அளந்து பார்க்காமல் பெயிண்டைப் பார்த்து வாங்கக் கூடாது.

கடைசியாக, எந்திரம் கிளம்புவதற்கு முன், செய்தவரின் ஆலையிலேயே சோதித்துப் பாருங்கள். அவர்கள் சோதனைக்கு என்று ஒரு குட்டித் தண்டு வைத்திருப்பார்கள். அதில் எல்லாம் சரியாகத்தான் வரும். உங்கள் சொந்த ஜாப்பை, அதன் முழு எடையில், லேத் ஓட்டும் உங்கள் டர்னரோடு கொண்டுபோங்கள். முரட்டு வெட்டு எடுங்கள். கடைந்த கையோடு அளந்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடாதீர்கள். 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருக்குத் தண்டு 10 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 60 மைக்ரான் பெருத்துவிடும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேரிங் ஏறும் இடத்துக்கு அளவு கூடக் குறைய இருக்க நமக்குக் கொடுத்திருக்கும் அனுமதியே சில வேலைகளில் 40 மைக்ரான்தான். சாயங்காலம் அளந்த அளவைச் சுண்ணாம்புக் கட்டியால் தண்டின் மேலேயே எழுதி வையுங்கள். ராத்திரி அந்த ஊரில் தங்குங்கள். காலையில் தண்டு ஆறிய பிறகு, எந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன், அதே மைக்ரோமீட்டரால் இரண்டு முனையிலும் நடுவிலும் இன்னொரு முறை அளந்து, அந்த அளவு வரைபடத்தோடு ஒத்துப்போனால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

வணக்கம்.