பம்பர்ஸ் அம்மாவும் தடுப்பூசியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆளுநர் என்றதும் நமக்கு ராஜ்பவன்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே மாநில ஆளுநரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறக்குறைய நம் முதலமைச்சர் பார்க்கிற வேலை அது. அவருடைய மனைவிக்குச் சட்டப்படி ஓர் அதிகாரமும் கிடையாது. விருந்தினரை வரவேற்று, விழாக்களுக்குப் போய்வந்தாலே போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அந்த இடத்தில் இருந்துகொண்டு பெட்டி பம்பர்ஸ் என்ற ஓர் அம்மா என்ன செய்தார் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். புதன்கிழமைதோறும் தடுப்பு மருந்தைக் குளிர்ச்சியாக எடுத்துப்போகும் வேக்சின் கேரியர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவள். அதனால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

1925-இல், அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் இருக்கிற ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர் அவர். 1949-இல் டேல் பம்பர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். சார்ல்ஸ்டன் என்ற சின்ன ஊரில் கணவர் வக்கீல், இவர் பள்ளி ஆசிரியை. கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் வைப்பது செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தெற்குப் பகுதியே கொதித்தபோது, அதே ஆண்டில் சத்தமில்லாமல் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்த ஊர் சார்ல்ஸ்டன். அப்படிச் செய்யலாம் என்று பள்ளி நிர்வாகத்துக்கு யோசனை சொன்னவர் டேல் பம்பர்ஸ். 1970 தேர்தலில் அதிகம் பேருக்குத் தெரியாத ஆளாக நின்று ஜெயித்து ஆளுநரும் ஆனார்.

அந்த அம்மா ஆளுநர் மாளிகைக்கு வந்த காலத்தில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதில் ஆர்கன்சா மிகவும் பின்தங்கிக் கிடந்தது. மருந்து இருந்தது. போலியோவுக்கு இருந்தது, தட்டம்மைக்கு இருந்தது. அது பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். என் வேலையில் இருந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மருந்து கிடங்கில் குளிர்ந்துகொண்டிருக்கும். ஒரு தாய் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவாள் என்று யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். பம்பர்ஸ் அம்மா அதை யோசித்தார். செவிலியர் சங்கங்கள், சுகாதாரத் துறை, தேசியக் காவல் படை, தேவாலயக் குழுக்கள் என்று எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார். 1974-க்குள் ஒரு பிள்ளையும் விடுபடக்கூடாது என்பதுதான் அந்த இயக்கத்தின் பெயரே. அவர் உத்தரவு போட முடியாது. ஆனால் ஆளுநர் வீட்டு அம்மா கூப்பிட்டால் எல்லோரும் வந்தார்கள். கடைசி வரிசையில் கிடந்த மாநிலம் முன்வரிசைக்கு வந்தது.

1975-இல் கணவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையில் உறுப்பினராகி, அதாவது செனட்டராகி, குடும்பம் வாஷிங்டனுக்குப் போனது. பதவி மாறினால் வேலையும் மாறும் என்பார்கள். இவர் அதே வேலையை அங்கேயும் எடுத்துப் போனார். இவர் ஆர்கன்சாவில் ஆளுநரின் மனைவியாக இருந்த அதே ஆண்டுகளில், ஜார்ஜியா என்ற இன்னொரு தென்மாநிலத்தில் ஆளுநர் ஜிம்மி கார்ட்டரின் மனைவியாக இருந்தவர் ரோசலின் கார்ட்டர். இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம். 1977-இல் ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியானதும், நாடு முழுவதற்கும் இதைச் செய்யுங்கள் என்று கார்ட்டர் தம்பதியிடம் பம்பர்ஸ் அம்மா கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்குத் தடுப்பூசி என்ற இலக்கோடு தேசியத் திட்டம் அந்த ஆண்டே தொடங்கியது. பள்ளியில் சேரத் தடுப்பூசி கட்டாயம் என்ற விதியும் மாநிலம் மாநிலமாகப் பரவியது.

நடுவே இன்னொரு பெரிய காரியத்தையும் கையில் எடுத்தார். அணு ஆயுதப் போர் வந்தால் நாம் எல்லோரும் எங்கே கூடுவது என்று மகள் ஒருநாள் கேட்டாளாம். ஊருக்கே போய்விடலாம் என்றார் அம்மா. அந்த ஊரே இல்லாமல் போயிருந்தால் என்று மகள் திருப்பிக் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அணு ஏவுகணைகளைத் தரைக்குள் வைத்திருக்கும் 18 கிணறுகள் ஆர்கன்சாவிலேயே இருந்த காலம் அது. 1982-இல் பெண்களைச் சேர்த்து ஓர் அமைதி அமைப்பைத் தொடங்கினார்.

அப்புறம் 1989-இல் தட்டம்மை திரும்பி வந்தது. மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் 55,000 பேருக்கு மேல் நோய் கண்டது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் பள்ளி வாசலில்தான் ஊசியைக் கேட்டது. ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளை ஊசியோடு வந்தது. கைக்குழந்தைகளையும் தத்தித் தத்தி நடக்கிற பிள்ளைகளையும் யார் பார்த்தார்கள்? நோய் அவர்களைத்தான் அதிகம் வாட்டியது. பம்பர்ஸ் அம்மாவுக்கு அப்போது 66 வயது. 1991-இல் அவரும் ரோசலின் கார்ட்டரும் மறுபடி சேர்ந்து, இரண்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டு முடிக்க வேண்டும் என்று புது அமைப்பைத் தொடங்கி மாநிலம் மாநிலமாகப் போனார்கள். முதலில் செய்த வேலையில் விட்டுப்போன ஓட்டையை அடைக்க, இருபது ஆண்டு கழித்து அதே ஆள் திரும்பி வருவதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

1999-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசி ஆராய்ச்சி மையத்துக்கு டேல், பெட்டி பம்பர்ஸ் இருவரின் பெயரையும் வைத்தார்கள். மனைவியின் பெயரும் அந்தச் சுவரில் இருப்பது சரியான காரியம். கணவர் 2016-இல் காலமானார், பம்பர்ஸ் அம்மா 2018-இல், 93 வயதில். அதற்கு இரண்டு ஆண்டுக்குள் கொரோனா வந்தது. மாடர்னா தடுப்பூசி அந்த மையத்து விஞ்ஞானிகளின் கையும் சேர்ந்து உருவானது. 2020 மார்ச் 16 அன்று சியாட்டில் நகரில் முதல் மனிதருக்கு அந்த ஊசியைப் போட்டார்கள்.

பேச அழைத்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.