இறாலின் குலமும் கடலும்

நேயர்களுக்கு வணக்கம். ஓர் இறாலைக் கையில் கொடுத்து இது எந்த வகை என்று கேட்டால், பெரும்பாலோர் நிறத்தையும் அளவையும் பார்ப்பார்கள். நான் முட்டையைத் தேடுவேன். முட்டையை என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் இறாலின் குலம் தெரிந்துவிடும். அது எந்தக் கடலில் வாழும் என்பதும் ஓரளவு பிடிபடும்.

நண்டு, சிங்கி, இறால் மூன்றுமே பத்துக்கால் உயிரிகள். அவற்றில் இறால்கள் இரண்டு பெரும் பிரிவு. ஒரு பிரிவு முட்டையைக் கடல்நீரில் அப்படியே விட்டுவிடும். புலி இறால், வெள்ளை இறால், வன்னாமி, கூட்டங்கூட்டமாக வரும் கூனி எல்லாம் இந்தப் பக்கம். இன்னொரு பிரிவு முட்டைகளை வயிற்றுக்கு அடியில் ஒட்டவைத்துக்கொண்டு, பொரிக்கும் வரை சுமந்தே திரியும்.

சரி, முட்டை இல்லாத நேரத்தில்? வயிற்றுப் பகுதியின் ஓட்டு வளையங்களைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் இருப்பதன் மேல் வரிசையாகப் படிந்திருந்தால் விடுகிற கூட்டம். இரண்டாவது வளையம் மட்டும் அகன்று, முன்னும் பின்னும் உள்ள இரண்டையும் மூடியிருந்தால் சுமக்கிற கூட்டம். சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் உலகக் கடல்களில் திரட்டி வந்தவற்றை ஆராய்ந்த ஸ்பென்ஸ் பேட், 1888இல் முதல் பிரிவைத் தனியே எடுத்து வைத்தது, கிளைகிளையாகப் பிரிந்த அவற்றின் செவுளைப் பார்த்து. செவுளைப் பார்க்கக் கத்தி வேண்டும். வளையத்துக்குக் கண் போதும்.

இனி இடம். முட்டையை விடுகிற இறால்களில் கரையோரத்தில் வாழ்பவை பெரும்பாலும் வெப்பக் கடல்களுக்கு உரியவை. பல இனங்களின் குஞ்சுகள் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. புலி இறாலின் சொந்த எல்லை கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான், ஆஸ்திரேலியா வரை. வன்னாமியோ பசிபிக்கின் மறுகரை, மெக்சிகோவிலிருந்து வட பெரு வரை. இன்று பண்ணைகளில் எங்கெங்கோ வளர்க்கிறார்கள். வளர்க்கிற இடம் வேறு, சொந்தக் கடல் வேறு. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

நிலம் குறுக்கே எழுந்தால் என்ன ஆகும்? இதற்கு பனாமாவைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம் அது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் மூடிக்கொண்டது. ஒரே கடல் இரண்டாயிற்று. பசிபிக் ஒரு பக்கம், கரீபியன் ஒரு பக்கம். இடுக்கியைச் சொடுக்கி வெடிச்சத்தம் எழுப்பும் இறால்கள் இரு பக்கமும் சிக்கின. பார்வைக்கு இன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடல் உயிரியலாளர் நான்சி நோல்டனும் கூட்டாளிகளும் இப்படி ஏழு ஜோடி இனங்களை எடுத்து, இக்கரை ஆணை அக்கரைப் பெண்ணோடு சேர்த்து வைத்தார்கள். 1993இல் முடிவு வெளியானது. இணைகளில் நூற்றுக்கு ஒன்றுதான் கருவுற்ற முட்டைகளைத் தந்தது. ஒரே கடலைச் சேர்ந்தவற்றைச் சேர்த்தபோது நூற்றுக்கு அறுபது! உருவம் மாறவில்லை, உறவு அறுந்துவிட்டது. உருவத்தை மட்டும் நம்பி வகைப்படுத்தினால் இவற்றை ஒரே இனம் என்றே எழுதிவைத்திருப்போம்.

அப்புறம், மனிதர் வெட்டிய வழியும் உண்டு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. செங்கடல் இறால்கள் சில மத்தியதரைக் கடலுக்குள் குடியேறிவிட்டன.

நேரம் ஆகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். குளிர்கடலைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: அங்கே கரையோரத்தில் சுமக்கிற பிரிவுக்குத்தான் ஆதிக்கம். வட அட்லாண்டிக்கின் வடகடல் இறால் முதலில் ஆணாக இருந்து, பிறகு பெண்ணாக மாறுகிறது. அட்லாண்டிக்கின் நடுவே, 3,600 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளை மொய்த்துக்கொண்டு ஓர் இறால் வாழ்கிறது. 1986இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். வழக்கமான கண் கிடையாது. முதுகில் ஒளியை உணரும் உறுப்பு இருக்கிறது. வணக்கம்.