பிரட்னிசோலோன் எடுக்கும்போது இரவில் கெண்டைக்கால் பிடிக்கிறது: மாத்திரையை நிறுத்திவிடலாமா?

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார்கள், முக்கியமானதை மட்டும் வாசிக்கிறேன்.

"டாக்டர் ஐயா, எனக்கு 68 வயது. பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு முன் பிரட்னிசோலோன் 15 மில்லிகிராம் ஆரம்பித்தார்கள். மூன்றே நாளில் தோள் வலி பறந்துவிட்டது. இப்போது 7.5-க்கு இறங்கியிருக்கிறேன். ஆனால் இரவில் கெண்டைக்கால் நரம்பு சுருட்டி இழுக்கிறது, உயிர் போகிறது. தூக்கம் இல்லை. சர்க்கரை ஏறிவிட்டது. முகம் உப்பிவிட்டது. நோயைவிட மாத்திரைதான் பெரிய தொல்லையாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா? முகம் பழையபடி ஆகுமா?"

அம்மா, நிறுத்தலாமா என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். தோளையும் இடுப்பையும் வலிக்க வைக்கும் இந்தப் பாலிமயால்ஜியா நோய் திரும்பிவிடும் என்பது மட்டும் காரணம் இல்லை. பிரட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்புக்குத் தினமும் வேண்டிய ஸ்டீராய்டை அதுதான் சுரக்கிறது. நாம் மாதக்கணக்கில் வெளியிலிருந்து மாத்திரையாகக் கொடுத்தால், "நம் வேலையைத்தான் யாரோ செய்கிறார்களே" என்று அது அசந்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அதனால் உடனே எழுந்து வேலை செய்ய முடியாது. வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் 10 மில்லிகிராமுக்கு வந்த பிறகு நாலு வாரத்துக்கு 1 மில்லிகிராம் என்கிற மாதிரி எறும்பு ஊர்வதுபோல் குறைக்கிறோம். இந்த நோய்க்குப் பலருக்கு ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் மாத்திரை தேவைப்படும்.

இப்போது காலுக்கு வருகிறேன். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் "கால் வலிக்கிறது" என்று வரும்போது அதற்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கும். ஒன்று, பிடிப்பு. இரண்டு, வலியே இல்லாத பலவீனம். மூன்று, பழைய நோய் திரும்புவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றை இன்னொன்று என்று நினைத்துக்கொண்டு, தானாகவே மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் நான் அடிக்கடி பார்க்கிற சிக்கல்.

நீங்கள் சொல்வது பிடிப்பு, சந்தேகமே இல்லை. நரம்பு இழுக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். சுருண்டு கல் மாதிரி ஆவது சதைதான். சில நொடியிலிருந்து சில நிமிடம் வரை இருக்கும். விட்ட பிறகும் ஒரு நாள் வரை அடி வாங்கின மாதிரி வலிக்கும். பாலிமயால்ஜியா இப்படி வராது. அதன் பெயரில் சதைவலி என்று இருந்தாலும், அதில் சதைக்கு நேரடியாக நோய் இல்லை. தோள், இடுப்பு மூட்டுகளைச் சுற்றியுள்ள சிறு திரவப் பைகளிலும் தசைநாண் உறைகளிலும்தான் அழற்சி. அதனால் காலையில் எழுந்ததும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இறுகிப்போய், கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாமல் இருக்கும். கெண்டைக்கால் மட்டும் நடுராத்திரியில் சுருட்டுவது அந்த நோயின் குணம் இல்லை.

அப்படியானால் ஸ்டீராய்டுதான் காரணமா? பாதி ஆமாம், பாதி இல்லை. ஸ்டீராய்டு சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியே அனுப்பும், உண்மை. ஆனால் 7.5 மில்லிகிராம் தனியாக நின்று பெரிதாகக் குறைத்துவிடாது. கூட்டாளி யார் என்று தேட வேண்டும். உங்கள் மாத்திரைப் பெட்டியை முழுவதுமாகக் கொட்டிப் பாருங்கள்.

இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரிய ஒரு மாத்திரை எடுக்கிறீர்களா? அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும் வகையாக இருந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஸ்டீராய்டால் வயிறு புண்ணாகக் கூடாது என்று ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுக்கும்போது சிலருக்கு மெக்னீசியம் குறையும். மெக்னீசியம் குறைந்தால் பொட்டாசியத்தை எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். எலும்பைக் காப்பாற்ற அலென்ட்ரோனேட் மாதிரியான மருந்து எடுக்கிறீர்களா? வைட்டமின் டி குறைவாக இருக்கும்போது அதை எடுத்தால் இரத்தத்தில் கால்சியம் இறங்கிப் பிடிப்பு வரலாம். கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்குச் சதைவலி வரலாம். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இழுப்பவர்களுக்கும் பிடிப்பு வருவதுண்டு.

அப்புறம் உங்கள் சர்க்கரை. இதை யாரும் காலோடு சேர்த்து யோசிப்பதில்லை. சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போகும். இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்று சாயங்காலத்திலிருந்து தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறோம். உடம்பு வறண்டு, கால் பிடித்துக்கொள்கிறது. இன்னொன்று, காலையில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகவே இருக்கும். மதியத்திலிருந்து மாலைக்குள்தான் ஏறும். ஆகவே மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். காலைச் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

ஆகவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின், தைராய்டு, மதியச் சர்க்கரை. ஸ்டாட்டின் எடுத்தால் சதை சிதைகிறதா என்று காட்டும் சிகே என்கிற இரத்தச் சோதனையும் சேர்த்துக்கொள்ளட்டும். சோதிக்காமல் கடையில் பொட்டாசியம் வாங்கிக் குடிக்காதீர்கள், தயவுசெய்து. சிறுநீரகம் மந்தமாக இருப்பவர்களுக்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஏற்கெனவே மேலே இருக்கலாம். இன்னும் ஏறினால் இதயத்துடிப்பு குழம்பிவிடும். மெக்னீசியம் மாத்திரையை ஆளாளுக்குப் பரிந்துரைக்கிறார்கள். இரத்தத்தில் குறைவாக இருந்தால் சரி, கொடுக்கலாம். குறைவே இல்லாத வயதானவர்களுக்கு அது பிடிப்பைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை நன்றாகக் கேட்கும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். இரத்தத் தட்டணுக்களை அபாயமாகக் குறைக்கலாம், இதயத்துடிப்பைக் கெடுக்கலாம். சாதாரணக் கால் பிடிப்புக்கு அது வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது.

இன்று இரவே பிடித்தால் என்ன செய்வது? முழங்காலை நேராக நீட்டி, கால் விரல்களை உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். எட்டவில்லை என்றால் ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்தலாம். ஆனால் இருட்டில் அவசரமாகக் குதித்து இறங்காதீர்கள். ஸ்டீராய்டு எடுக்கும் எலும்பு அம்மா அது, பிடிப்பு இரண்டு நிமிடத்தில் போய்விடும், இடுப்பு எலும்பு முறிந்தால் மாதக்கணக்கு. விட்ட பிறகு சதையை நீவிவிட்டு, வெந்நீர்ப் பை வையுங்கள். வயதாலும் ஸ்டீராய்டாலும் தோல் மெலிந்திருக்கும், ஆகவே சூட்டைக் கையால் பார்த்துவிட்டு, துணி சுற்றி வையுங்கள்.

படுக்கப் போகும் முன் சுவரைப் பார்த்து நின்று, கையை ஊன்றி, குதிகால் தரையை விடாமல் முன்னால் சாயுங்கள். கெண்டைச்சதை இழுபடுவது தெரியும். அரை நிமிடம், மூன்று முறை. சிலருக்கு இது நன்றாகவே கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. கனமான போர்வையைக் காலடியில் இறுக்கிச் செருகிப் படுத்தால் பாதம் கீழ்நோக்கி அமுங்கிப் பிடிப்பு வரலாம், அதைத் தளர்த்திவிடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் விடுகிறது என்றால் இரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாகச் சொன்ன பலவீனம். இது சத்தமே போடாமல் வரும். வலிக்காது. ஆனால் தாழ்வான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாது, படி ஏறினால் தொடை தள்ளாடும். ஸ்டீராய்டு தொடைச் சதையைக் கரைப்பதால் வருவது. சிகே அளவு இயல்பாகவே இருக்கும், அதனால் சோதனையில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதிக அளவில், பல வாரங்கள் எடுப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. அளவு குறையக் குறையச் சரியாகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம். மருந்து என்று தனியாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே பயிற்சியாகச் செய்வது, புரதம் குறையாமல் சாப்பிடுவது. தள்ளாடுகிறதே என்று படுத்துக்கொண்டே இருந்தால் சதை இன்னும் வேகமாகப் போகும்.

மூன்றாவது, நோய் திரும்புவது. இங்கேதான் குழப்பம். 7.5-க்குக் கீழே இறங்கும்போது, உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். அப்போது சோர்வு, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, எரிச்சல் எல்லாம் சில நாள் இருக்கும். அது அளவு குறைந்ததற்கு உடம்பு பிடிக்கும் அடம். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். நோய் திரும்பினால் அடங்காது, நாளுக்கு நாள் ஏறும். தோளும் இடுப்பும் இரண்டு பக்கமும் காலையில் பழையபடி இறுகும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகள் பெரும்பாலும் கூடும். அப்போது கடைசியாக எந்த அளவில் நன்றாக இருந்தீர்களோ அதற்குத் திரும்பப் போவோம். குறைக்கவே முடியாமல் திரும்பத் திரும்ப வந்தால் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தையும் சேர்க்கலாம். சாரிலுமாப் என்ற ஊசிக்கும் 2023-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்திருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. புதிதாகத் தலைவலி, தலை வாரினால் உச்சந்தலை நோவது, மெல்லும்போது தாடை வலிப்பது, பார்வை மங்குவது அல்லது இரட்டையாகத் தெரிவது. இந்த நோயோடு சேர்ந்து தலைக்குப் போகும் இரத்தக்குழாய்களிலும் அழற்சி வரலாம், கண் போய்விட்டால் திரும்ப வராது. அது நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

தூக்கத்துக்கு, அன்றைய அளவு முழுவதையும் காலையில் சாப்பிட்ட பின் ஒரே வேளையாக எடுங்கள். இரவுக்கென்று பிரித்து எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் பேசி மாற்றுங்கள். தூக்கம் சரியானால் பிடிப்பின் தொல்லையும் கொஞ்சம் குறைந்த மாதிரி தோன்றலாம். வருடத்துக்கு ஒரு முறை கண்ணில் புரையும் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் இதுவரை எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காமல் போங்கள். பல் பிடுங்கினாலும் அறுவை சிகிச்சை என்றாலும், ஸ்டீராய்டு எடுக்கிறேன் என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். மூட்டுவலி மாத்திரை என்று கடையில் வாங்கி இதோடு சேர்க்காதீர்கள், வயிற்றில் இரத்தம் கசியலாம்.

முகம். கடைசியாகக் கேட்டிருந்தாலும் மனசுக்கு அதுதான் முதலில் என்று எனக்குத் தெரியும். ஆகும் அம்மா. கொழுப்பு முகத்தில் கூடி உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சம் நீரும் சேர்ந்திருக்கும். அளவு இறங்க இறங்க அது கரையும், ஆனால் வாரக்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில். உப்பைக் குறைத்தால் நீர்க்கோவை கொஞ்சம் சீக்கிரம் வடியும். பழைய புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள், தினமும் கண்ணாடியில் பார்த்தால் மாற்றம் தெரியாது.

சரி, அடுத்த கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.