ராணிப்பேட்டையின் மஞ்சள் நீர்: குரோமியக் கழிவை எப்படிச் சீர்செய்வது?

[காட்சி: மழை ஓய்ந்த காலை. கழிவுக் குவியலின் அடிவாரத்தில் தேங்கிய மஞ்சள் நீர்.]

வணக்கம். தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளை ராணிப்பேட்டையில் தயாரித்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கேயே குவியலாக விடப்பட்டது. மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் குவியலில் இறங்கிய நீர் மஞ்சளாகக் கசிந்து, நிலத்தடி நீரோடு கலந்தது. இத்தனை ஆண்டுகளாகியும் இந்தக் கழிவைச் சீர்செய்வது ஏன் கடினமாக இருக்கிறது, அதற்கு இன்று என்னென்ன வழிகள் உள்ளன என்பதைப் பார்ப்போம்.

குரோமியம் பெரும்பாலும் இரண்டு வேதி நிலைகளில் (ஆக்சிஜனேற்ற நிலைகளில்) காணப்படுகிறது. மூன்றாம் நிலைக் குரோமியம் நீரில் எளிதில் கரையாது, நச்சுத்தன்மையும் குறைவு. ஆறாம் நிலைக் குரோமியமோ நீரில் கரைந்து, நீர் போகும் இடமெல்லாம் போகும்; புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட பொருள் அது. மஞ்சள் நிறம் அதனுடையது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

[காட்சி: வியட்நாம், டா நாங் விமான நிலையம்.]

நஞ்சு கலந்த மண் என்றதும் சூடாக்கி அழித்துவிடலாமே என்று தோன்றும். டா நாங்கில் அப்படித்தான் செய்தார்கள். போர்க்காலத்தில் அமெரிக்கப் படை வைத்திருந்த களைக்கொல்லியிலிருந்து மண்ணில் சேர்ந்த டையாக்ஸினை ஒழிக்க, சுமார் 90,000 கன மீட்டர் மண்ணையும் வண்டலையும் மூடிய பெரும் தொட்டிக்குள் நிரப்பி, குறைந்தது 335 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினார்கள். 2018-இல் பணி முடிந்தது. டையாக்ஸின் ஒரு கரிமச் சேர்மம் என்பதால் வெப்பத்தில் சிதைந்துவிடும். குரோமியம் ஒரு தனிமம். எவ்வளவு சூடாக்கினாலும் குரோமியமாகவே இருக்கும். ஆகவே அதன் நிலையை மாற்றுவது, அல்லது நீர் படாமல் அடைத்து வைப்பது என்னும் இரண்டுமே நமக்கு முக்கியமான வழிகள்.

[காட்சி: ஆய்வக மேசை. கண்ணாடிக் குவளையில் மஞ்சள் நீர்.]

நிலையை மாற்றுவது எப்படி என்பதற்கு இந்தக் குவளையைக் கவனியுங்கள். இதில் சிறிது அன்னபேதிக் (ஃபெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பு) கரைசலை ஊற்றுகிறோம். அன்னபேதியில் உள்ள இரும்பு தன் எலக்ட்ரான்களைக் குரோமியத்துக்குக் கொடுக்க, மஞ்சள் மறைந்து பழுப்பு நிறக் கசடு அடியில் படிகிறது. மேலே தெளிந்த நீர் நிற்கிறது. கரைந்திருந்த ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு இறங்கி, கசடோடு கசடாகப் படிந்துவிட்டது.

குவளையில் இவ்வளவு எளிதாக நடப்பது குவியலில் ஏன் நடப்பதில்லை? குரோமியத் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து வறுத்தெடுத்த பின் மிஞ்சிய கழிவு என்பதால், அதில் கடுமையான காரத்தன்மை இருக்கிறது. அந்தக் காரத்தில் அன்னபேதியின் இரும்பு உள்ளே ஊடுருவும் முன்பே படிந்துவிடுகிறது. மேலும், ஆறாம் நிலைக் குரோமியத்தில் ஒரு பகுதி கழிவுத் துகள்களுக்குள்ளேயே சிறைப்பட்டிருப்பதால், வெளிப்புறம் சுத்தமானதாகத் தோன்றிய கழிவிலிருந்து சில மாதங்கள் கழித்து மீண்டும் மஞ்சள் நீர் கசியத் தொடங்கும். என் பார்வையில், இத்தகைய கழிவுகளுக்கான எந்தத் திட்டத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போட வேண்டும்: துகளுக்குள் இருப்பதை அது எட்டுகிறதா?

எட்டக்கூடிய ஒரு வழியைச் சீன ஆய்வாளர்கள் சோதித்துள்ளனர். கழிவோடு வைக்கோலைக் கலந்து, காற்றுப் புகாத உலையில் சூடாக்குகிறார்கள். வைக்கோலிலிருந்து எழும் வாயுக்கள் துகள்களின் நுண்துளைகளுக்குள் நுழைந்து, அங்கேயே குரோமியத்தின் நிலையை மாற்றுகின்றன. இங்கே வெப்பத்தின் வேலை நஞ்சை எரிப்பதன்று, வைக்கோலைச் சிதைத்து அந்த வாயுக்களை வெளியேற்றுவதுதான். வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத நம் மாவட்டங்களில் இதை முயன்று பார்ப்பது நிச்சயம் தகும்.

[காட்சி: நிலத்தடியின் குறுக்குவெட்டுப் படம்.]

ஏற்கெனவே நிலத்தடி நீரில் இறங்கிவிட்ட குரோமியத்துக்கு வேறு வழி வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள எலிசபெத் சிட்டியில், முலாம் பூசும் பட்டறையிலிருந்து கசிந்த குரோமியத்தைத் தடுக்க, 1996-இல் 46 மீட்டர் நீளமும் 7.3 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளம் வெட்டி, அதில் இரும்புத் துகள்களை நிரப்பினார்கள். இப்படி அமைந்த இரும்புச் சுவரின் தடிமன் 0.6 மீட்டர்தான். நிலத்தடி நீர் தன் போக்கில் அதன் ஊடே கசிந்து செல்ல, குரோமியம் அங்கேயே படிந்துவிடுகிறது. மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லை. இதே இரும்பை நானோ துகள்களாக்கிக் குழாய் வழியே செலுத்துவது அடுத்த கட்ட முயற்சி. ஆனால் அத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, செலுத்திய இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. சர்க்கரை ஆலைகளின் மொலாசஸை நிலத்தடியில் செலுத்தி, மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளைப் பெருகச் செய்து, அவற்றைக் கொண்டே குரோமியத்தை மாற்றும் முறையும் பயன்பாட்டில் உள்ளது. கடுங்காரமான குவியலில் அவை பிழைப்பது கடினம்; குவியலைத் தாண்டிய கிணற்றுப் பகுதிக்கே இம்முறை பொருந்தும்.

[காட்சி: கண்காணிப்புக் கிணற்றில் மாதிரி எடுக்கும் கைகள்.]

மூன்றாம் நிலைக்கு மாறிய குரோமியத்தை மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மீண்டும் ஆறாம் நிலைக்கு ஏற்றிவிடக்கூடும். அதனால் சீரமைப்பு முடிந்த அன்று எடுக்கும் மாதிரியை மட்டும் நம்பக் கூடாது. குவியலுக்குக் கீழ்ச்சரிவில் உள்ள கிணறுகளில் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், ஆண்டுக்கணக்கில் நீரெடுத்து அளக்க வேண்டும். அந்த அளவுகள் அக்கிணறுகளை நம்பியிருக்கும் மக்களின் கைக்கும் வந்து சேர வேண்டும்.