கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

நேயர்களுக்கு வணக்கம். வாய் ஒருபக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறிய ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது, உடன் வந்தவர்களிடம் மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் ஒன்று, "இவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பது. பக்கவாதத்திற்கு இன்று என்ன சிகிச்சை தரலாம் என்பது பெரிதும் இந்த விடையையே பொறுத்திருக்கிறது.

மூளையின் பெரிய ரத்தக் குழாய் ஒன்றை ரத்தக் கட்டி அடைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள். ஆனால் அடைப்பைச் சுற்றியுள்ள பகுதி, பக்கக் குழாய்கள் வழியே வரும் சிறிதளவு ரத்தத்தைக் கொண்டு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடும். நாம் காப்பாற்ற முயல்வது அந்தப் பகுதியைத்தான். மடிந்த அணுக்களை உயிர்ப்பிக்க மருந்து கிடையாது.

கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தை 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால் ஊனம் குறைகிறது என்பதை 1995-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று நிறுவியது. 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்த வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது. இம்மருந்துக்கு ஆபத்தும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அந்த அமெரிக்க ஆய்வில், நோயாளியின் நிலையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு மருந்து பெற்றோரில் 6.4 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 0.6 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. இருந்தும் மூன்று மாத முடிவில் இறப்பு கூடவில்லை, நல்ல நிலையில் இருந்தோரே கூடினர். ரத்தக்கசிவாலும் பக்கவாதம் வரும் என்பதால், சி.டி. ஸ்கேன் பார்க்காமல் இம்மருந்தைத் தொடவே முடியாது. அதே காரணத்தால், வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்கக் கூடாது. விழுங்கும் திறன் குன்றியிருக்கலாம் என்பதால் தண்ணீரும் வேண்டாம்.

பெரிய குழாயில் அடைத்த நீளமான கட்டியை மருந்து மட்டும் பெரும்பாலும் கரைப்பதில்லை. அத்தகையவர்களுக்குத் தொடையிடுக்கின் தமனி வழியே மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, வலைபோன்ற ஸ்டென்ட்டில் கட்டியைச் சிக்கவைத்து இழுக்கிறார்கள், அல்லது உறிஞ்சி எடுக்கிறார்கள். 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 6 மணி நேரத்துக்குள் இச்சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 32.6 விழுக்காட்டினர் பிறர் துணையின்றி வாழும் நிலையை அடைந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 19.1 விழுக்காடு.

உறங்கி எழும்போதே கை கால் விழுந்திருப்பவர்களுக்கு, எழுந்த நேரத்தை அல்ல, முந்தைய இரவு நன்றாகப் பார்த்த நேரத்தையே தொடக்கமாகக் கொள்ள வேண்டும். முன்பெல்லாம் இவர்களில் பெரும்பாலோருக்கு வழியே இருக்கவில்லை. 2018-இல் வந்த ஆய்வுகளுக்குப் பின், மீட்கத்தக்க பகுதி எஞ்சியிருப்பதாக ஸ்கேன் காட்டினால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கட்டியை அகற்றுகிறார்கள். அந்தச் சிலரில் நம்மவர் ஒருவராக இருப்பார் என்று எண்ணிக் காத்திருப்பது பெருந்தவறு. அறிகுறி தானே மறைந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நன்றாக இருந்த கடைசி நேரத்தையும், ரத்தம் உறையாமலிருக்க அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.