ரவுட்டரை எங்கே வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கும்போது வேகம் 100 எம்பிபிஎஸ்ஸா, 200 எம்பிபிஎஸ்ஸா என்று விலை விசாரிக்கிறோம். அதை வீடு முழுக்கப் பங்கு போட்டுக் கொடுக்கிற ரவுட்டரை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது பழைய பல்லவிதான். இன்றைக்கும் அதையேதான் பாடப்போகிறேன்.

நம் மும்பையில் என்ன நடக்கிறது? லைன் போட வருகிற பையன் வாசல் கதவுக்கு மேலே ஓட்டை போடுவான். ஒயர் எங்கே வந்து இறங்குகிறதோ அங்கேயே பெட்டியை வைப்பான். "இதர் டீக் ஹை, ஆன்ட்டி", இங்கேயே சரியாக இருக்கு என்பான். பக்கத்திலேயே நின்று ஸ்பீட் காட்டிவிட்டுப் போய்விடுவான். வைஃபை அலை எல்லாப் பக்கமும் பரவுகிற சங்கதி. வாசலில் வைத்தால் பாதி லிஃப்டுக்கும் எதிர்வீட்டுக்கும்தான் போகும்.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி. பழைய காலத்துக் கட்டடம், சுவரெல்லாம் கனமான செங்கல். "ஏண்டா, ஜாஸ்தி பணம் கட்டிப் பெரிய பிளான் போட்டாச்சு. பெட்ரூம்ல மட்டும் இன்னும் சுத்திண்டே இருக்கே?" என்றார். போய்ப் பார்த்தேன். ரவுட்டர் ஹாலில் ஷோகேஸுக்குள், பித்தளைக் குத்துவிளக்குக்குப் பின்னால். தூசி படாமலிருக்க மேலே குரோஷா பின்னல் துணி வேறு. ஷோகேஸை ஒட்டி இரும்பு பீரோ. அலை வெளியே வர வழியே இல்லை! பெட்டிக்குச் சூடு ஆகாது, மாமி, முதலில் துணியை எடுங்கள் என்றேன். மனசே இல்லாமல் எடுத்தார்.

ஃபைபர் வந்து முடிகிற பெட்டி வாசலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதிலிருந்து ரவுட்டருக்கு இணைப்பு கொண்டுபோகிற லேன் ஒயரை மட்டும் இழுத்து, ரவுட்டரை நடு வழியில், ஆள் உயரத்துக்கு மேலே மாட்டினோம். லேன் ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும், நம் ஃபிளாட்டுக்கு அது தாராளம். பிளானைக் கூட்டவில்லை, ரவுட்டரை மாற்றவில்லை. இடம்தான் மாறியது. திரும்பவும் சொல்கிறேன்: வீட்டுக்கு நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில்.

இன்னொன்று. போனில் வைஃபை தேடினால் ரவுட்டர் இரண்டு பெயர் காட்டும், ஒன்றின் வாலில் 5ஜி என்றிருக்கும். அது செல்போன் 5ஜி இல்லை, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பக்கத்தில் வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். இன்னொரு பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸ், அது வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே 2.4-இல்தான் வேலை செய்கிறது. குழம்பு சுடவைக்கும்போது வீடியோ கால் திக்கினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

பாஸ்வேர்ட் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 192.168.1.1 மாதிரி ஒரு முகவரி, உள்ளே நுழையும் பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அதில். அந்த முகவரியை பிரவுசரில் அடித்தால் ரவுட்டரின் செட்டிங்ஸ் வரும். நுழைந்ததும் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, அதையும் மாற்றுங்கள். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பூட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள். விருந்தாளிகளுக்கு கெஸ்ட் நெட்வொர்க் என்று தனி வைஃபை கொடுங்கள். அப்புறம், பின்பக்கம் ஊசி நுழைகிற, செட்டிங்ஸ் எல்லாம் அழித்துவிடுகிற ரீசெட் ஓட்டையைக் குத்துவதற்கு முன்னால், கம்பெனி கொடுத்த லாகின் பெயர் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில லைன்களில் அது இல்லாமல் திரும்ப இணைப்பு வராது. நேரமாகிவிட்டது, வணக்கம்.